முரளிதரன் எத்தனை பேர்? நம் பெயரும் நம் பத்திரமும்

(கிள்ளான், மேருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று எழுத்தில் தருகிறோம்.)



உங்களில் சிலர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டில் துவைக்காத துணி கிடக்கும். அதனால் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. ஒரு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

முரளிதரன் என்று சொன்னால் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது?

இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அண்ணன் 'கிரிக்கெட்' என்கிறார். பின்னால் இருக்கும் தங்கச்சி 'பூப்பந்து தீனா' என்கிறார். இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னீர்கள்.

அண்ணன் சொன்னவர் முத்தையா முரளிதரன். கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்தவர். 2010-ல் தன் கடைசி டெஸ்டில் அந்த 800-ஐத் தொட்டார். தங்கச்சி சொன்னவர் தீனா முரளிதரன். நம் கிள்ளானில் பிறந்த பிள்ளை. பெர்லி டானோடு சேர்ந்து 2022-ல் காமன்வெல்த் தங்கம், அதே ஆண்டு பிரெஞ்சு பொதுப் பூப்பந்துப் பட்டம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலகப் போட்டியில் வெள்ளி. நம் நாட்டுப் பெண்கள் இரட்டையர் பிரிவில் ஒலிம்பிக் அரையிறுதி வரை போன முதல் ஜோடி இவர்கள்தான்.

நம் பெயர் முறை தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர், 'முரளிதரன் குடும்பத்தைச் சேர்ந்த புகழ்பெற்றவர்கள்' என்று பட்டியல் போட்டால் இந்த இருவரையும் அடுத்தடுத்து எழுதுவார். ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொள்வார். நமக்குச் சிரிப்பு வரும். ஏன் என்றால் முத்தையா முரளிதரனுக்கு முரளிதரன் என்பது சொந்தப் பெயர், முத்தையா அப்பா பெயர். தீனாவுக்கோ முரளிதரன் என்பதே அப்பா பெயர். எழுத்து ஒன்று. ஆனால் ஒரு பெயர் சொந்தக்காரரைக் குறிக்கிறது, இன்னொன்று அவரைப் பெற்றவரைக் குறிக்கிறது.

இதை ஏன் ஒரு வழக்கறிஞன் வந்து பேசுகிறான் என்று கேட்பீர்கள். கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்பு நம் விளையாட்டாளர்களின் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முன்னால் நிற்கும் அப்பா, பின்னால் நிற்கும் அப்பா

சுப்பிரமணியம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கெடாவைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியம் ஸ்குவாஷ் விளையாடுகிறார். 2022-ல் கார் விபத்தில் கழுத்தெலும்பு வரை அடிபட்டு, அந்த ஆண்டு காமன்வெல்த் போட்டிக்கே போக முடியாமல் போனது. மறு ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் வாங்கினார். கடைசிப் பெயரைச் சொல்லிப் பழகிய வெளிநாட்டு வர்ணனையாளருக்கு அவர் 'சுப்பிரமணியம்'. அந்தப் பெண் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் உலகம் அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்கிறது.

காற்பந்தில் எஸ். குணாளன் இருக்கிறார். 2010-ல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை நம் நாடு முதல் முறையாக வென்றபோது அந்த அணியில் ஓடியவர். அந்த 'எஸ்' என்ன? அதுவும் சுப்பிரமணியம்தான். சிவசங்கரியின் அப்பா வேறு சுப்பிரமணியம், குணாளனின் அப்பா வேறு சுப்பிரமணியம். ஒருவர் பெயர் முழுதாக மகளுக்குப் பின்னால் நிற்கிறது. இன்னொருவர் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி மகனுக்கு முன்னால் நிற்கிறது.

அந்த 2010 அணியின் பயிற்றுநர் யார்? கே. ராஜகோபால். அதற்கு முந்தின ஆண்டு லாவோசில் சீ விளையாட்டுத் தங்கத்தை நம் இளையோர் அணிக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அந்தத் தங்கம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. ராஜகோபாலுக்கு முன்னால் நிற்கும் 'கே' கிருஷ்ணசாமி. அவருக்கு முன்பு தேசிய அணிக்குப் பயிற்சி கொடுத்த பி. சத்தியநாதனின் 'பி' பாஸ்கரன். கிருஷ்ணசாமியும் பாஸ்கரனும் புக்கிட் ஜாலில் திடலில் கால் வைத்தார்களோ இல்லையோ, அவர்கள் பெயரின் முதல் எழுத்து அங்கே நின்றது.

இப்போது ஆறுமுகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம், நம் கோல்காவலர். நீண்ட கைகள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் வாசலைக் காத்தவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் தகுதி பெற்றும் போக முடியாமல் போன அணி அது. 1988-ல் சாலை விபத்தில் அவர் போய்விட்டார். 2016-ல் வந்த 'ஓலா போலா' படத்தில் வரும் முத்து அவரை நினைத்து உருவான பாத்திரம்தான். அவருக்கு ஆறுமுகம் சொந்தப் பெயர். 'ஆர்' ரெங்கசாமி.

சிங்கப்பூரில் இன்னொருவர், ஆறுமுகம் விஜயரத்தினம், 1921-ல் பிறந்தவர். ஹாக்கி, காற்பந்து, கிரிக்கெட், ரக்பி என்று நான்கு விளையாட்டில் சிங்கப்பூருக்கு ஆடியவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடினார். 2016-ல் காலமானார். அவருக்கு ஆறுமுகம் என்பது முன்னால் நிற்கும் அப்பா பெயர். பட்டியல் போடுகிறவருக்கு இரண்டு ஆறுமுகம். நமக்கு ஒரு மகன், ஒரு தகப்பன்.

நம் ஓட்டக்காரர் டாக்டர் ஜெகதீசனை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மூன்றிலும் தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அரையிறுதி வரை போனார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. எல்லோரும் 'மணி ஜெகதீசன்' என்பார்கள். மாணிக்கவாசகம் என்ற பெயரைச் சுருக்கினால் மணி. 1966-ல் தேசிய விளையாட்டு விருது தொடங்கியபோது முதல் விளையாட்டு வீரர் அவர், முதல் வீராங்கனை எம். ராஜாமணி. அந்த 'எம்' மயில்வாகனம். நாட்டின் முதல் இரண்டு விருதும் நம் பிள்ளைகளுக்கு. இரண்டு பெயரின் முன்னாலும் 'எம்'. உறவு கிடையாது.

டென்னிஸ் குடும்பமும் சதுரங்க வீடும்

கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போவோம். டென்னிஸில் கிருஷ்ணன் என்று இரண்டு பேர். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1986-ல் விம்பிள்டன் காலிறுதி ஆடியவர். அப்பா 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வாங்கினார், மகன் 1979-ல் அதே பட்டம் வாங்கினார். அப்பா 1966-ல் டேவிஸ் கிண்ண இறுதி ஆடினார், மகன் 1987-ல் ஆடினார். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் 'கிருஷ்ணன் குடும்பம்' என்று எழுதின.

ஆனால் கிருஷ்ணன் என்று ஒரு குடும்பமே கிடையாது. அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய அப்பா டி.கே. ராமநாதன். அவர் பெயர் மகனுக்கு முன்னால் வந்தது: ராமநாதன் கிருஷ்ணன். அந்த மகனின் பெயர் பேரனுக்குப் பின்னால் வந்தது: ரமேஷ் கிருஷ்ணன். பேரன் பெயரில் தாத்தாவைக் காணோம். நம் முறையில் ஒரு பெயர் ஒரு தலைமுறை பக்கத்தில் நிற்கும், பிறகு அடுத்த பெயருக்கு இடம் விட்டுவிட்டு விலகிக்கொள்ளும். சென்னையிலிருந்து இன்னொரு ஆட்டக்காரர் வந்தார், ராம்குமார் ராமநாதன். அந்த ராமநாதன் வேறு ஒரு அப்பா.

சதுரங்கத்தில் விஸ்வநாதன் ஆனந்த், ஐந்து முறை உலக வெற்றியாளர். வெளிநாட்டுக்காரர்கள் செல்லமாக 'விஷி' என்பார்கள். விஸ்வநாதன் அவருடைய அப்பா! பெரிய மனிதரைச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தது பிரக்ஞானந்தா, அக்கா வைஷாலி. உலகத்திலேயே அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது இவர்கள்தான் முதல். அக்கா 2023-ல் அந்த நிலையைத் தொட்டார். இரண்டு பேருக்கும் ரமேஷ்பாபு என்பது அப்பா பெயர். வங்கி வேலைக்காரர், சிறு வயதில் போலியோ வந்தவர். இருவருக்கும் பயிற்சி கொடுத்தவர் ஆர்.பி. ரமேஷ். பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்று சிலர் அப்பாவும் பயிற்றுநரும் ஒருவரே என்று நினைத்துவிடுகிறார்கள்.

பயிற்றுநர் என்றதும் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொல்லாமல் போக முடியாது. அப்பா தங்கராசு விசைத்தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கடை போட்டவர். 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போன ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பத்திரத்தில் அவர் டி. நடராஜன். ஆனால் ஐபிஎல் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டார். ஜேபி என்பது அவரைக் கண்டெடுத்து வளர்த்த அண்ணன் ஜெயப்பிரகாஷ். பெற்றவர் பெயர் பத்திரத்தில் இருக்கட்டும், ஆளாக்கியவர் பெயர் முதுகில் இருக்கட்டும் என்று அந்தப் பிள்ளை முடிவு செய்தது.

நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை?

நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக ஸ்குவாஷ் வெற்றியாளர். அவர் வீட்டில் டேவிட் என்பது அப்பாவும் மகள்களும் சேர்ந்து சுமக்கும் பெயர். நம் சீன நண்பர்களுக்கு டான், லீ, சோங் என்று தலைமுறை தலைமுறையாக வரும் பெயர் இருக்கிறது. 'உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?' என்று நம் பிள்ளைகளைப் பள்ளியில் கேட்பார்கள். பிள்ளை பதில் தெரியாமல் முழிக்கும். பதில் சொல்லிக் கொடுங்கள்.

நம்மில் பலருக்கு ஒரு காலத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது. அது சாதி. ஆளைப் பார்த்ததும் எங்கே நிறுத்த வேண்டும், திண்ணையிலா தெருவிலா என்று முடிவு செய்ய அந்த வால் உதவியது. வால் இல்லாத பெயர் என்றால் அதற்கும் கீழே என்று அர்த்தம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஆண்டின் கடைசியிலேயே பெரியார் மலாயாவுக்கும் வந்தார். வாலை வெட்டியவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. எல்லோரும் வெட்டிவிட்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு வந்தால் அது இன்னும் எட்டிப் பார்க்கிறது.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஆர். ஆறுமுகம் என்ற பெயரை வைத்து அவர் என்ன சாதி என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. ரெங்கசாமியின் மகன் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அது போதும். குடும்பப் பெயர் இல்லாதது நமக்குக் குறையே இல்லை. நாம் சம்பாதித்த ஒரு விடுதலை அது.

ஆனால் அந்த விடுதலைக்கு ஒரு விலை இருக்கிறது. இங்கேதான் வழக்கறிஞன் வருகிறேன்.

ஒரே நூலில் தொங்கும் பெயர்

குடும்பப் பெயர் உள்ளவனுக்கு அண்ணன், தம்பி, சித்தப்பா, தாத்தா என்று ஆயிரம் பேர் அந்தப் பெயருக்குச் சாட்சி. நமக்கு ஒரே சாட்சி, அப்பா. நம் அடையாளக் கார்டில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று போட்டு ஒரே ஒரு மனிதரோடு நம்மைக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு பெயர் தாளில் பிழையாக விழுந்தால், அல்லது விழாமலே போனால், நாம் யாருடைய பிள்ளை என்று நாமே நிரூபிக்க வேண்டும்.

முரளிதரனுக்கே இந்தத் தொல்லை வந்தது. தமிழில் 'த' ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் எழுத வந்தால் இரண்டு மூன்று வழி. அவர் பெயரைப் பல ஆண்டுகள் உலகம் ஒரு மாதிரி எழுதியது, அவர் விரும்பியதோ வேறு மாதிரி. 2007-ல் வோர்ன்–முரளிதரன் கிண்ணத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆஸ்திரேலியக் கிரிக்கெட்காரர்கள் சரியான எழுத்துக்கூட்டு எது என்று கேட்டுத்தான் வைத்தார்கள். உலகத்தின் பெரிய பந்துவீச்சாளர் என்பதால் கேட்டார்கள். தோட்டத்துப் பால் மரத்தொழிலாளியிடம் யார் கேட்டார்கள்? கிராணிக்குக் காதில் விழுந்தது எழுத்தானது. லெட்சுமி என்ற பெயர் நம் நாட்டு அடையாளக் கார்டுகளில் எத்தனை விதமாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு அப்பா பெயர் ஒரு மாதிரி, தங்கைக்கு வேறு மாதிரி.

என் வீட்டுக் கதையே சொல்கிறேன். என் அப்பாவின் பெயர் அவருடைய அடையாளக் கார்டில் ஒரு எழுத்துக்கூட்டு, என் பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்று, அம்மாவோடு செய்த திருமணப் பதிவில் மூன்றாவது. அவர் உயிரோடு இருந்தவரை அது எங்களுக்குச் சிரிப்பு. 'நம்ம அப்பா மூணு பேரு' என்போம். அவர் இறந்த பிறகு, அவர் வியர்வை சிந்திச் சேர்த்த கொஞ்சப் பணத்தை அம்மா பெயருக்கு மாற்றப் போனோம். ஓர் அலுவலக முகப்பில் ஒரு இளம் பெண் மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இவர்கள் மூன்று பேரும் ஒருவரா?' என்று மரியாதையாகத்தான் கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. 'நான் ஒருத்தரைத்தான்மா கட்டிக்கிட்டேன்' என்று அழுதுவிட்டார். சட்டம் படித்த மகன் பக்கத்தில் நின்றும் அதைத் தீர்க்க ஒன்றரை வருஷம் ஆனது. சட்டம் தெரியாத வீட்டில் என்ன ஆகும்?

இன்னொரு கதை. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். 400 மீட்டர் ஓடும் பையன். பள்ளியில் முதல், வட்டாரத்தில் முதல். மாநில அளவுக்குப் போக அடையாளக் கார்டு நகல் கேட்டார்கள். அவனிடம் கார்டு இல்லை. பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று இருந்தது. அப்பா நீலக் கார்டுக்காரர், இந்த மண்ணில் பிறந்தவர். அம்மாவும் இந்த மண்ணில், ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை, அவரிடம் எந்தத் தாளும் இல்லை. இருவருக்கும் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம். ஊரே சாப்பிட்டது. பதிவு மட்டும் செய்யவில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மெதுவாகக் கேளுங்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதிலிருந்து நம் கல்யாணம் பதிவு செய்தால்தான் சட்டப்படி கல்யாணம். ஐயர் ஓதினாலும், ஆயிரம் பேர் பார்த்தாலும், வீடியோ எடுத்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்த அப்பா அப்பாவாக நிற்கவில்லை. அரசமைப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை அம்மாவின் நிலையைப் பார்த்துத்தான் வரும். அம்மாவிடம் தாள் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. 'பிறகு பதிந்துகொண்டோமே' என்று சொன்னாலும் போதாது. 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில், பிள்ளை பிறந்த நேரத்து நிலைதான் கணக்கு என்று சொல்லிவிட்டது. மூன்று நீதிபதிகள் ஒப்பவில்லை. நானும் ஒப்பவில்லை. இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று தொடர்ந்து கேட்போம். ஆனால் சட்டம் மாறும் வரை பிள்ளை வளராமல் காத்திருக்குமா?

அந்தப் பையனுக்கு மனுப் போட்டோம். பதில் வந்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. பள்ளி விளையாட்டு வயது முடிந்துபோயிருந்தது. இன்று ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். நீலக் கார்டைக் கையில் வாங்கிய அன்று அவன் சொன்ன வார்த்தை: 'அண்ணே, இப்ப நான் ஓடினா என் அப்பா பேரைச் சொல்லுவாங்களா?'

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மலையகத்தைப் பார்த்து

இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்காதீர்கள். முரளிதரனின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920-ல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். நம் தாத்தா இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்த மாதிரி. 1948-ல் அந்த நாடு சுதந்திரம் அடைந்த கையோடு ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு, மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேரை ஊர் இல்லாதவர்கள் ஆக்கியது. பெற்றவரும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குத் தாள் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனிடம் ஏது தாள்? சின்னசாமி இந்தியாவுக்கே திரும்பினார். மகன் முத்தையா கண்டிப் பக்கம் தங்கிவிட்டார். முத்தையா அங்கே தங்கியதால்தான் அந்த 800 விக்கெட் அந்த நாட்டுக்குக் கிடைத்தது. மலையகத்தில் நாடற்றவர்களாக எஞ்சி இருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003-ல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு.

பெரியசாமி, சின்னசாமி, முத்தையா, முரளிதரன். நான்கு பெயரை வரிசையாகச் சொன்னால் ஒரு சமுதாயத்தின் கதையே வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் எத்தனை பெயர் வரை பின்னால் போக முடியும்? இன்றிரவு பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது

நான் கைதட்டல் வாங்க வரவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பிஸ்கட் டின்னைத் திறங்கள். அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறீர்களே, அந்த டின்தான். எல்லாப் பத்திரத்தையும் தரையில் பரப்புங்கள்.

முதலாவது, அப்பாவின் அடையாளக் கார்டில் உள்ள பெயரையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள அப்பா பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அம்மா பெயரையும் அப்படியே பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிழை இருந்தால் விட்டுவிடாதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1957, பிரிவு 27 பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்த இடம் கொடுக்கிறது. தேசியப் பதிவிலாகாவில் மனுக் கொடுங்கள். திருத்தம் வரும்வரை, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து டின்னில் வையுங்கள். அது பிறப்புப் பத்திரத்தை மாற்றாது. ஆனால் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

மூன்றாவது, புதிதாகப் பிள்ளை பிறந்திருந்தால் கெடு தாண்டுவதற்குள் பதியுங்கள். பத்திரத்தைக் கையில் கொடுத்ததும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். அங்கேயே நின்று படியுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஐந்து நிமிஷம் பிறகு ஐந்து வருஷத்தை மிச்சப்படுத்தும்.

நான்காவது, கல்யாணம் பதியாத தம்பதிகள் இருந்தால், அடுத்த பிள்ளை பிறப்பதற்கு முன்பே பதியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அறுபது வயதில் பதிந்தவர்களும் உண்டு.

ஐந்தாவது, வீட்டில் யாருக்காவது சிவப்புக் கார்டு, பச்சைக் கார்டு, அல்லது கார்டே இல்லையென்றால் மறைக்காதீர்கள். பிள்ளைக்கான மனுவுக்கு வயது வரம்பு உண்டு, தாமதம் நமக்கு எதிரி. 'ஆள் தெரியும், காசு கொடு' என்று வரும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள், திடலிலிருந்தும் நிறுத்தாதீர்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரத்தில் அப்பா இடம் காலியாக இருந்தால் உங்கள் பிள்ளை குறைந்த பிள்ளை ஆகிவிடாது. நடராஜன் சட்டையில் அண்ணன் பெயரைப் போட்டுக்கொண்டான். உங்கள் பிள்ளை உன் பெயர் போதும் அம்மா என்று சொல்லும் நாள் வரும். ஆனால் பிறப்பைப் பதியாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அவமானத்துக்குப் பயந்து பதியாமல் விட்ட பிள்ளைகள்தான் இன்று என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2021-ல் நம் பூப்பந்து வீராங்கனை கிசோனா செல்வதுரை ஓர் ஆட்டத்தில் தோற்றபோது, ஓர் அரசியல்வாதி நம் இனத்தை இழிக்கும் சொல்லால் அந்தப் பெண்ணை எழுதினார். நாடே கண்டித்தது, பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் 2019-ல் சீ விளையாட்டுத் தங்கம் வாங்கி வந்தவர். பட்டப் பெயர் கொடுக்க யாராலும் முடியும். செல்வதுரை என்ற பெயரை அவருக்குக் கொடுத்தது அவருடைய அப்பா. எது நிலைத்தது என்று அடுத்த ஆட்டத்தில் ஆட்டப் பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மேருவிலும் கிள்ளானிலும் மாலை நேரத்தில் ஓடுகிற, பந்து அடிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அதில் ஒரு பிள்ளை நாளைக்குப் பெரிய மேடையில் நிற்கும். அன்று பலகையில் ஒரு பெயர் ஒளிரும். மூட்டை தூக்கிய அப்பாவின் பெயர், லாரி ஓட்டிய அப்பாவின் பெயர், பால் மரம் சீவிய தாத்தா ஆசையோடு வைத்த பெயர். அது பிழையில்லாமல் ஒளிர வேண்டும் என்றால், இன்றைக்கு அந்த டின்னைத் திறக்க வேண்டும்.

பத்திரங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்த பிறகும், கடைசி ஆளின் தாளைப் பார்க்கும்வரை நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.